அரசுக்காக 15 ஆண்டுகள், அரசுக்கு எதிராக ஒரு வழக்கு: யார் இந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்?

அரசு ஒரு திட்டத்தை அறிவிக்கிறது. மறுநாள் பேப்பரில் முதலமைச்சர் படத்தோடு செய்தி வருகிறது. சில மாதம் கழித்து, ‘உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை’ என்று இன்னொரு செய்தி. முதல் செய்தியைப் படித்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவதைப் படிப்பதில்லை. ஆனால் அந்தத் திட்டத்தை நம்பி விண்ணப்பம் போட்டவருக்கு இரண்டாவது செய்திதான் முக்கியம்.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் நின்று வேலை செய்பவர் அரசு வழக்கறிஞர். அரசாணையில் ஒரு வார்த்தை தப்பினாலும், நீதிமன்றத்தில் ஒரு வாதம் சறுக்கினாலும் திட்டம் கையை விட்டுப் போய்விடும். அந்த நாற்காலியில் சென்னை மாகாணத்துக்காக 15 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவிலும் இருந்தார். அதே அரசியலமைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சென்னை அரசின் மிக முக்கியமான சமூக நீதி ஆணைக்கு எதிராகவும் வாதாடினார்.

ஒரே மனிதர், ரெண்டு பக்கமும் எப்படி? அதைப் புரிந்துகொண்டால் இட ஒதுக்கீட்டுச் சட்டம் ஏன் இன்று இருக்கும் வடிவத்தில் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

காஞ்சிபுரத்துப் பெயர் கொண்ட அப்பா

1883 மே 14 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் புதூர் என்ற கிராமத்தில் பிறந்தார் அல்லாடி. அப்பா ஏகாம்ர சாஸ்திரி, கோயில் பூசாரி. ஏகாம்ரம் என்றால் ஒற்றை மாமரம். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் மாமரத்தடி சிவனின் பெயர் அது. பின்னாளில் சென்னை மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் அல்லாடி வாழ்ந்த பெரிய வீட்டுக்கும் ஏகாம்ர நிவாஸ் என்றுதான் பெயர்.

வசதியான குடும்பம் இல்லை. 1899இல் மெட்ரிகுலேஷன் முடித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்தார். கிடைத்த நேரத்தில் சட்ட வகுப்புகளுக்கும் போய் பி.எல். பட்டம் வாங்கினார். பிரபல வழக்கறிஞர் பி.ஆர்.சுந்தர ஐயரிடம் ஜூனியராகத் தொழில் கற்று, 1907இல் வழக்கறிஞரானார். அடுத்த 20 ஆண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னணி வழக்கறிஞர்களில் ஒருவராக உயர்ந்தார். 1929இல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் பதவி வந்தது. 1932இல் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. 1944 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அட்வகேட் ஜெனரலுக்கு என்ன வேலை?

இப்போது தமிழில் அரசுத் தலைமை வழக்கறிஞர் என்கிறோம். அரசியலமைப்பின் 165ஆவது பிரிவு இந்தப் பதவியைப் பற்றிச் சொல்கிறது. மாநில அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும், முக்கியமான வழக்குகளில் அரசுக்காக நிற்பதும் அவருடைய வேலை.

திட்டம் வேணுமா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் கையில் இல்லை. அதை அமைச்சரவை பார்த்துக்கொள்ளும். இந்தத் திட்டத்தைப் போட இந்த அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா? யாராவது கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா? இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும்.

அல்லாடி இருந்த காலத்தில் இந்தக் கேள்விகள் சுலபமாக இல்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், எந்த விஷயத்தில் மத்திய அரசு சட்டம் போடலாம், எதில் மாகாணம் போடலாம் என்று தனித்தனிப் பட்டியல் போட்டுப் பிரித்திருந்தது. 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்று, வரிசையாகச் சமூகச் சட்டங்களைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் ஆட்சி நியமித்த அட்வகேட் ஜெனரல்தான் அந்தக் காங்கிரஸ் ஆட்சிக்கும் அட்வகேட் ஜெனரல்.

வட்டியைத் தள்ளுபடி செய்த சட்டம்

1938 மார்ச்சில் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது. உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து, விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்த நேரம். சட்டம் என்ன சொன்னது?

1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை பாக்கி நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலை மட்டும் கட்டினால் போதும். அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே முடிந்தது. அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கும் வட்டிக்கு உச்சவரம்பு வந்தது.

கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய வாதம் நுணுக்கமானது. இந்தக் கடன்களில் பல புரோநோட்டு எழுதி வாங்கியவை. புரோநோட்டு என்பது மத்தியப் பட்டியலில் இருக்கும் விஷயம். அதில் கைவைக்க மாகாணத்துக்கு அதிகாரமே இல்லை என்றார்கள். கடனாளியின் கஷ்டம், வட்டியின் கொடுமை எதுவும் இங்கே பேச்சில்லை. பட்டியலில் எந்த வரி எங்கே இருக்கிறது என்பதுதான் பேச்சு.

டெல்லியில் இருந்த ஃபெடரல் கோர்ட் வரை போன சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன் வழக்கில் 1940இல் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தைச் செல்லாததாக்க மறுத்துவிட்டார்கள். ஒரு சட்டம் போகிற போக்கில் எதைத் தொடுகிறது என்று பார்க்கக் கூடாது, அதன் சாரம் என்ன என்று பார்க்க வேண்டும் என்ற கொள்கை இந்த வழக்கில் வலுவாகப் பேசப்பட்டது. அதிகாரப் பங்கீடு பற்றிய வழக்குகளில் இன்றைக்கும் நீதிமன்றங்கள் இந்தக் கொள்கையை எடுத்துப் பேசுகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கு. சட்டம் விவசாயி என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் கொடுத்திருந்தது. விவசாய நிலத்தில் உரிமையோ குத்தகையோ இருக்க வேண்டும். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றுப் பக்கம் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வயல் வைத்திருந்தவருக்கு இந்தச் சட்டத்தின் கதவு திறக்கும். பக்கத்து வீட்டில் நிலம் எதுவும் இல்லாமல் தறியை மட்டும் நம்பியிருந்த நெசவாளிக்கு, அதே வட்டிக்கடையில் அதே அளவு கடன் இருந்தாலும் திறக்காது. ஒரு திட்டத்தில் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை அறிவிப்பை வைத்துச் சொல்ல முடியாது. விளக்கப் பிரிவைப் படித்தால்தான் தெரியும்.

மதுக்கடையை மூடினால் பணத்துக்கு எங்கே போவது?

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. அடுத்தடுத்து வேறு சில மாவட்டங்களுக்கும் போனது. சாராய வருமானம் குறைய, அந்தப் பள்ளத்தை நிரப்ப ராஜாஜி அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் முதல்முதலாகப் பொது விற்பனை வரி போட்டது சென்னை மாகாணம்தான்.

இதுவும் கோர்ட்டுக்குப் போனது. கடலை எண்ணெய், புண்ணாக்கு தயாரித்து விற்ற போட்டு பைதண்ணா நிறுவனம், உற்பத்தி செய்தவரே செய்யும் முதல் விற்பனைக்கு வரி போடுவது உண்மையில் உற்பத்தி வரிதான், அதைப் போடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே என்று வாதிட்டது. 1942இல் ஃபெடரல் கோர்ட் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொருளைத் தயாரித்ததற்கு வரி வேறு, விற்றதற்கு வரி வேறு என்றது.

தீர்ப்பு வந்தபோது ராஜாஜி அமைச்சரவை இல்லை. 1939 அக்டோபரிலேயே ராஜினாமா செய்துவிட்டது. அட்வகேட் ஜெனரல் மட்டும் அதே அல்லாடி. திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் போன பிறகும் திட்டத்தைக் காப்பாற்றும் வேலை சட்ட அதிகாரிகளிடம் நிற்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பல பத்தாண்டுகள் மாநிலங்களின் பெரிய வருமானமாக இருந்த விற்பனை வரி, இப்படி வழக்கில் தப்பிப் பிழைத்த ஒன்றுதான்.

அரசியலமைப்பு வரைந்த மேசையில்

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை கூடியது. அல்லாடி அதில் உறுப்பினர். அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவிலும் இருந்தார். 1947 ஆகஸ்ட் 29 அன்று அம்பேத்கர் உட்பட ஏழு பேர் கொண்ட வரைவுக்குழு அமைக்கப்பட்டபோது அதிலும் இடம்பெற்றார். தன்னைவிடத் தகுதியானவராக அல்லாடி அந்தக் குழுவில் இருக்கும்போது தன்னைத் தலைவராக்கியது ஆச்சரியம் அளித்ததாக அம்பேத்கர் பிறகு சபையிலேயே பதிவு செய்தார்.

அவர் அங்கே எடுத்த இரண்டு நிலைப்பாடுகள் நம் கதைக்கு முக்கியம்.

முதலாவது, உரிமைகளை இரண்டாகப் பிரிப்பது. கோர்ட்டுக்குப் போய் வாங்கக்கூடிய உரிமைகள் ஒரு பக்கம். அரசுக்கு வழிகாட்டியாக மட்டும் இருக்கும் கொள்கைகள் இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினை வேண்டும் என்று தொடக்கத்திலேயே வாதிட்டவர்களில் அல்லாடி ஒருவர். வேலை, கல்வி, வாழ்வாதாரம் மாதிரியான வாக்குறுதிகளை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் அரசுக்கு உத்தரவு போட முடியாது என்பது அவர் தரப்பு. பிரிக்கப்பட்டவை அடிப்படை உரிமைகள், அரசுக் கொள்கையின் வழிகாட்டு நெறிகள் என்று தனித்தனிப் பாகங்களாயின. நலிந்த பிரிவினரின் கல்வி நலனை அரசு பேண வேண்டும் என்ற 46ஆவது பிரிவு, வழிகாட்டு நெறிகளில் போய் உட்கார்ந்தது.

இரண்டாவது, நீதிமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பது. அமெரிக்க அரசியலமைப்பில் உரிய சட்ட முறை என்ற ஒரு வாசகம் உண்டு. அதை வைத்து அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தொழிலாளர் நலச் சட்டங்களை ரத்து செய்த வரலாறு இருக்கிறது. பேக்கரித் தொழிலாளர்களை ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற நியூயார்க் சட்டம் 1905இல் விழுந்தது. பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த வாஷிங்டன் நகரச் சட்டம் 1923இல் விழுந்தது. 1948 டிசம்பரில் இந்த வாசகம் இந்தியாவுக்கு வேண்டுமா என்ற விவாதம் நடந்தபோது, சமூகச் சட்டங்களுக்கு இது முட்டுக்கட்டை ஆகிவிடும் என்ற அபாயத்தை அல்லாடி சபைக்கு எடுத்துச் சொன்னார். கடைசியில் அந்த வாசகம் நம் 21ஆவது பிரிவில் சேரவில்லை.

அதாவது சமூகத் திட்டங்களை நீதிமன்றங்கள் முடக்கிவிடக் கூடாது என்று கவலைப்பட்ட மனிதர் அவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்யூனல் ஜி.ஓ. வழக்கு

1920களில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கியது வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணை. மக்கள் வாயில் கம்யூனல் ஜி.ஓ. 1950இல் மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்கள் 14 இடங்கள் கொண்ட சுற்றாகப் பிரிக்கப்பட்டன. பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று ஹரிஜனங்கள் என்று குறிப்பிடப்பட்ட பட்டியலினத்தவருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

அன்றைய சென்னை மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து மொத்தமே 330 இடங்கள். நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395. அவ்வளவுதான்! ஒவ்வொரு இடமும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு எட்டாத சமூகங்களுக்கு இந்தச் சுற்றுதான் கல்லூரி வாசலைத் திறந்து வைத்திருந்தது.

அரசியலமைப்பு 1950 ஜனவரி 26இல் அமலுக்கு வந்தது. ஐந்து மாதத்துக்குள் வழக்கு. மருத்துவக் கல்லூரி இடம் தனக்குக் கிடைக்காமல் போகும் என்று செண்பகம் துரைராஜன் ஜூன் மாதம் மனு போட்டார். பொறியியல் இடம் கேட்ட ஸ்ரீனிவாசன் என்ற மாணவர் 450க்கு 369 மதிப்பெண் எடுத்திருந்தும் இடம் இல்லை என்று இன்னொரு மனு போட்டார். இருவரும் பிராமணர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஸ்ரீனிவாசனுக்காக எழுந்து நின்ற வழக்கறிஞர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்.

1950 ஜூலை 27 அன்று உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஆணை செல்லாது என்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சென்னையின் அட்வகேட் ஜெனரல் வி.கே.திருவேங்கடாச்சாரி வாதாடினார். அல்லாடி 15 ஆண்டுகள் வகித்த அதே பதவி. 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள்.

அரசு ஏன் தோற்றது?

அரசு பிரதானமாக நம்பியது 46ஆவது பிரிவை. நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணச் சொல்லி அரசியலமைப்பே சொல்கிறதே, அதைத்தானே செய்கிறோம் என்பது வாதம். ஆனால் அது வழிகாட்டு நெறி. அரசு உதவி பெறும் கல்லூரியில் சாதி, மதம் காரணமாக மட்டும் யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்ற 29(2) அடிப்படை உரிமை. இரண்டும் மோதினால் அடிப்படை உரிமைதான் ஜெயிக்கும் என்றது கோர்ட்.

இன்னொன்றையும் நீதிபதிகள் கவனித்தார்கள். அரசு வேலைகளைப் பற்றிய 16ஆவது பிரிவில், பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு செய்யலாம் என்று 16(4) தனியாகச் சொல்கிறது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய 29ஆவது பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை. வேலைக்கு எழுதிய விதிவிலக்கைப் படிப்புக்கு எழுதவில்லை. அந்த ஒற்றை வரி இல்லாததால் கால் நூற்றாண்டு பழைய ஒரு ஏற்பாடு சரிந்தது.

இங்கேதான் அல்லாடியின் வாழ்க்கை இரண்டு முனையிலும் வந்து தொடுகிறது. உரிமையையும் வழிகாட்டு நெறியையும் பிரிக்கச் சொன்னவர்களில் அவர் ஒருவர். வரைவுக்குழு மேசையில் இருந்தவர். பிறகு அந்த அரசியலமைப்பின் பேரில் ஆணையை எதிர்த்தவரும் அவர்தான்.

தெருவில் எழுந்த பதில்

தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியாரின் திராவிடர் கழகமும், காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் திமுகவும் போராட்டத்தில் இறங்கின. காங்கிரஸ் ஆட்சி நடந்த மாநிலத்திலிருந்தே டெல்லிக்கு அழுத்தம் போனது. தீர்ப்பு வந்து இரண்டரை மாதத்துக்குள், 1951 ஜூன் 18 அன்று முதல் அரசியலமைப்புத் திருத்தம் அமலானது. சமூகரீதியிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடுகள் செய்யலாம் என்று 15(4) சேர்ந்தது. இல்லாமல் போன வரி எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் பழைய ஆணை அப்படியே திரும்பவில்லை. எல்லாச் சமூகத்துக்கும் பங்கு பிரிக்கும் முறை போய், பின்தங்கியவர்களுக்கு மட்டும் ஒதுக்கீடு, மீதி பொதுப்போட்டி என்ற முறை வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 25%, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினருக்கு 15% என்று மாநிலம் 1951லேயே புது ஆணை போட்டது. இன்றைய இட ஒதுக்கீட்டின் எலும்புக்கூடு அதுதான்.

அதே முதல் திருத்தம் ஒன்பதாவது அட்டவணை என்ற ஒன்றையும் உருவாக்கியது. அதில் சேர்த்த சட்டங்களுக்கு நீதிமன்ற வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தருவது நோக்கம். ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்காக வந்த அந்த அட்டவணையில்தான் 1994இல் தமிழ்நாட்டின் 69% இட ஒதுக்கீட்டுச் சட்டமும் சேர்க்கப்பட்டது. ஜெயலலிதா அரசு இந்த முறை அரசாணையோடு நிற்காமல் சட்டமன்றத்தில் சட்டமாகவே இயற்றி, 76ஆவது திருத்தம் மூலம் அட்டவணைக்குள் கொண்டுபோனது. 1951இல் பட்ட சூட்டுக்குக் கிடைத்த பாடம் என்றே சொல்லலாம்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

சமீபத்திய இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு கொடுக்கும் முன், ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் தலைமையிலான ஆணையம் ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன் 2021 பிப்ரவரியில் நிறைவேற்றப்பட்ட வன்னியர் 10.5% உள் ஒதுக்கீட்டுச் சட்டம் என்ன ஆனது? உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. உச்ச நீதிமன்றமும் 2022 மார்ச்சில் போதிய புதிய தரவுகள் இல்லை என்று சொல்லி அதை உறுதி செய்தது.

ரெண்டுமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள். ஒன்றுக்குப் பின்னால் அடுக்கிவைத்த ஆதாரம் இருந்தது, நின்றது. இன்னொன்றில் அது போதவில்லை.

அல்லாடியை எப்படிப் பார்ப்பது?

சமூக நீதிக்கு எதிரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். தொழில்முறை வழக்கறிஞர், கட்சிக்காரருக்காக வாதாடினார் என்று ஒரே வார்த்தையில் விட்டும் விடலாம். இரண்டும் அரைகுறை. வழக்கறிஞர் தொழில் செய்தார் என்பது உண்மை. அவர் ஜெயித்துக் கொடுத்த அந்த வழக்கால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கல்லூரிக் கனவு சில மாதங்களுக்காவது அந்தரத்தில் தொங்கியது என்பதும் உண்மை. அந்தத் தோல்விதான் நாடு முழுமைக்குமான ஒரு பாதுகாப்பை அரசியலமைப்பில் எழுத வைத்தது என்பதும் உண்மைதான். அந்தக் கடைசி விஷயத்துக்கான பெருமை போராடியவர்களுக்குச் சேர வேண்டியது, அல்லாடிக்கு இல்லை.

உடல்நலம் குன்றியிருந்த அல்லாடி 1953 அக்டோபர் 3 அன்று காலமானார். அவர் பிறந்த நெல்லூர், ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்து சென்னையைவிட்டுப் பிரிந்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மகன் அல்லாடி குப்புசாமி பின்னாளில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.

அடுத்த முறை ஒரு நலத்திட்ட அறிவிப்பு வரும்போது தொகை எவ்வளவு என்பதோடு சேர்த்து மூன்று விஷயங்களையும் பாருங்கள். இது வெறும் அரசாணையா, சட்டமா? யாருக்குப் பொருந்தும் என்ற விளக்கப் பிரிவில் உங்கள் வீடு வருகிறதா? இதற்குப் பின்னால் தரவு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், கோர்ட்டில் அந்தத் திட்டத்துக்காக நிற்கும் அரசு வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.